ட்ரௌட்டா, ஸ்டீல்ஹெட் குஞ்சா? டெஷூட்ஸ் ஆற்றில் தூண்டிலிடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓடும் டெஷூட்ஸ் ஆற்றில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள மீனைப் பிடித்து, இது ஆற்றிலேயே வாழ்ந்து முடியும் ட்ரௌட்டா, அல்லது அடுத்த வசந்தத்தில் கடலுக்குப் புறப்படவிருக்கும் ஸ்டீல்ஹெட்டின் குஞ்சா என்று கேட்டால், அங்கே பல்லாண்டுகளாகத் தூண்டில் பிடித்தவர்களும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டும் ஒரே இனம். ஆகவே, எந்த மீன்களைக் கண்ணால் பிரித்தறியலாம், எந்த இடத்தில் கண் உதவாது, அங்கே ஆறும் பருவமும் நீளமும் எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பவற்றைப் புதியவர் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பெல்டன் அணைத் தொகுதியின் கீழிருந்து கொலம்பியா ஆற்றில் கலக்கும் இடம் வரை ஏறக்குறைய 100 மைல் ஓடும் கீழ் டெஷூட்ஸையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ட்ரௌட்டுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் ஒருசேரப் பெயர் பெற்ற ஆறு அது. குழப்பமும் அங்கேதான் மிகுதி.

ஒரே இனம், இரண்டு வாழ்க்கை

ரெயின்போ ட்ரௌட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒன்கோரிங்கஸ் மைக்கிஸ் என்ற ஒரே அறிவியல் பெயருக்குள் அடங்குபவை. 1989 வரை இந்த மீனை ஐரோப்பியப் பழுப்பு ட்ரௌட்டோடு சேர்த்து சால்மோ என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். பசிபிக் சால்மன்களே இதற்கு நெருங்கிய உறவு என்று தெளிவான பிறகு அவற்றின் பேரினத்துக்கு மாற்றினார்கள். டெஷூட்ஸில் வாழ்வது இதன் உள்நாட்டுக் கிளையான ரெட்பேண்ட். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளில் சில ஆற்றிலேயே வளர்ந்து, பெரும்பாலும் 8 முதல் 16 அங்குல அளவில் தம் வாழ்நாளைக் கழிக்கின்றன. வேறு சில ஒன்று முதல் நான்கு ஆண்டுகள், பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகள், நன்னீரில் இருந்துவிட்டு, வெள்ளிநிறம் பூண்டு கொலம்பியா வழியாகப் பசிபிக் கடலுக்குப் போய், ஓரிரு ஆண்டுகளில் கை நீளத்துக்கு வளர்ந்து திரும்புகின்றன. முட்டையிட்டதும் செத்துவிடும் பெரும்பாலான பசிபிக் சால்மன்களைப் போலன்றி, ஸ்டீல்ஹெட்டுகளில் சில பிழைத்து மீண்டும் கடலுக்குப் போவதும் உண்டு.

எந்தக் குஞ்சு போகும், எது தங்கும் என்பது பிறப்பிலேயே முழுமையாகத் தீர்மானமாகிவிடுவதில்லை. மரபணுவுக்கு அதில் பங்குண்டு. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஒரு பெரிய தலைகீழ்ப் பகுதி இதோடு தொடர்புடையது என்று கண்டிருக்கிறார்கள். நீரின் வெப்பம், கிடைக்கும் உணவு, வளரும் வேகம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. உடல் பெரிதாக இருந்தால் முட்டைகளும் மிகுதி என்பதால், கடலுக்குப் போவதில் பெண்மீன்களுக்கு ஆதாயம் கூடுதல். ஆண்மீன் சிறு உடலோடு ஆற்றிலேயே முதிர்ந்துவிட்டாலும் இனப்பெருக்கத்தில் பங்குபெற முடியும்.

மீனின் தாய் கடலுக்குப் போய்வந்ததா என்று ஆய்வகத்தில் கண்டறியலாம். மீனைக் கொன்று, அதன் உள்காதுக் கல்லை மெல்லிதாகத் தேய்த்து, நடுப்பகுதியில் ஸ்ட்ரான்சியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்க வேண்டும். கடலில் இருக்கும்போதே தாயின் உடலில் முட்டைக்கரு உருவானால் அந்த விகிதம் உயர்ந்து நிற்கும். டெஷூட்ஸில் இந்த முறையோடு முட்டையிடும் காலத்தையும் கணக்கிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஸ்டீல்ஹெட்டுகள் மார்ச் நடுவிலிருந்து மே இறுதிக்குள் முட்டையிட்டுவிடுவதையும், ஆற்று ட்ரௌட்டுகள் அதே மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீட்டிப்பதையும் காட்டியது. ஆற்றங்கரையில் நிற்கும் நமக்கு இந்தக் கருவிகள் எட்டாதவை. ஆனால் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்பவரை ஏன் ஐயுற வேண்டும் என்பதற்கு இவை போதிய காரணம்.

நீலகிரியின் அவலாஞ்சியிலும் இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியிலும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரௌட்டும் இதே இனந்தான். அங்குள்ளவை குளிர்ந்த மலைநீரோடு நின்றுவிடுவதால் இந்தக் கேள்வியே எழாது. அங்கே பழகிவிட்டு ஆரிகனுக்கோ வாஷிங்டனுக்கோ வருபவர்கள் இங்கே புதிதாகக் கற்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

முதல் படி: ஆற்றைப் படித்தல்

மீனைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். ஸ்டீல்ஹெட் ஏற முடியாத அருவிக்கு மேலே பிடிபடும் ரெயின்போ ட்ரௌட், ஸ்டீல்ஹெட் குஞ்சாக இருக்க வழியில்லை. டெஷூட்ஸில் அந்த இயற்கை எல்லை பிக் ஃபால்ஸ் என்னும் அருவி. அதற்கு மேலே, பெண்ட் நகரைச் சுற்றியுள்ள மேல் டெஷூட்ஸில் பிடிபடுபவை ஆற்று மீன்களே.

அணைகளை இவ்வளவு எளிதாக நம்பிவிடக் கூடாது. பெல்டன் அணை 1958இலும் ரவுண்ட் பியூட் அணை 1964இலும் கட்டி முடிக்கப்பட்டன; 1960களின் இறுதியில் மீன்கள் மேலேறும் ஏற்பாடும் கைவிடப்பட்டது. அதன் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ‘அணைக்கு மேலே ஸ்டீல்ஹெட் இல்லை’ என்ற பேச்சு சரியாகவே இருந்தது. இப்போது அது சரியல்ல. மறுகுடியேற்றத் திட்டத்தின்கீழ் விச்சஸ் ஓடையிலும் க்ரூக்டு ஆற்றிலும் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளை விட்டார்கள். கடலுக்குப் புறப்படும் இளமீன்களைத் திரட்டிக் கீழே கொண்டுசேர்ப்பதற்கான நீரெடுப்புக் கோபுரம் அணையில் இயங்குகிறது. பழைய வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு க்ரூக்டு ஆற்றுக்குப் போகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கீழ் டெஷூட்ஸைப் பொறுத்தவரை இரண்டும் எங்கும் கலந்தே வாழ்கின்றன. இந்தப் பகுதியின் ஸ்டீல்ஹெட்டுகள் நடுக் கொலம்பியா தொகுதியைச் சேர்ந்தவை; 1999 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. குஞ்சைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான்.

இரண்டாம் படி: உரிமமும் விதிகளும்

ஆரிகனில் 12 வயது நிரம்பிய எவரும் மீன்பிடி உரிமம் பெற வேண்டும். ஸ்டீல்ஹெட்டையோ சால்மனையோ குறிவைத்துப் பிடிப்பதானால் அதற்குத் தனி அட்டையும் வேண்டும். கைப்பேசிச் செயலியிலேயே இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆற்றின் மேற்குக் கரையில் நீண்ட பகுதி வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிக் கூட்டமைப்பின் நிலம். அங்கே கால் வைப்பதற்குப் பழங்குடி நிர்வாகத்தின் அனுமதிச்சீட்டு தேவை. அதுவும் எல்லா இடத்துக்கும் கிடைக்காது.

கீழ் டெஷூட்ஸின் விதிகளில் புதியவர்கள் தடுக்கி விழுபவை மூன்று. படகில் இருந்தபடி தூண்டில் போடக் கூடாது; படகு போக்குவரத்துக்கு மட்டுமே, மீன் பிடிக்க இறங்கி நிற்க வேண்டும். ஷெரார்ஸ் அருவிக்குக் கீழே உள்ள ஒரு சிறு பகுதி நீங்கலாக, மண்புழு போன்ற இரைகளுக்கு இடமில்லை. செயற்கைப் பூச்சியும் செயற்கை மீனுமே அனுமதி. எடுத்துச் செல்லும் ட்ரௌட்டுக்கு நெடுங்காலம் இருந்துவந்த விதி, நாளுக்கு இரண்டு, நீளம் 10 முதல் 13 அங்குலம் என்பது. விதிகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், மாநில மீன்-வனவிலங்குத் துறையின் நடப்பாண்டுக் கையேட்டையும் இடைக்கால அறிவிப்புகளையும் கிளம்பும் அன்று காலையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அந்த 10 அங்குலக் கீழ்வரம்பும், ஆரிகன், வாஷிங்டன் ஆறுகள் பலவற்றில் பொதுவாக உள்ள 8 அங்குலக் கீழ்வரம்பும் தற்செயலானவை அல்ல. கடலுக்குப் புறப்படும் இளம் ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் 6 முதல் 8 அங்குலம் இருக்கும். இரண்டு மாநிலங்களிலும் பல ஆறுகளில் ட்ரௌட் பருவம் மே மாதத்தின் பிற்பகுதியில் தொடங்குவதற்கும் இதே காரணம் உண்டு: அதற்குள் இளமீன்களில் பெரும்பகுதி கீழே இறங்கிப் போயிருக்கும். தூண்டில்காரரால் பிரித்தறிய முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் சட்டம் நீளத்தையும் தேதியையும் வேலியாக வைத்திருக்கிறது. புதியவருக்கு இதைவிட நம்பகமான அடையாளக் குறிப்பு வேறில்லை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: கருவிகள்

செயற்கைப் பூச்சியை வீசிப் பிடிக்கும் ஈத்தூண்டில் பழக விரும்புபவருக்கு 9 அடி நீளமும், வீசும் கயிற்றின் கனத்தைக் குறிக்கும் எடை எண் 5 அல்லது 6ம் கொண்ட கோல் இந்த ஆற்றுக்குப் பொருந்தும். 4 எடை போதும் என்று சொல்பவர்கள் மாலைக் காற்றில் அங்கே நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வீசும் காற்று அவ்வளவு வலியது. சாதாரண ரீலும் கோலும் போதும் என்பவருக்கு ஆறரை முதல் ஏழு அடி வரையுள்ள இலகுவான கோலும், 6 பவுண்டு தாங்கும் நரம்பும், சிறிய பித்தளைச் சுழல்தகடுகள் சிலவும் போதுமானவை. தகடுகளில் வரும் மும்முனைத் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். எதிர்முள்ளைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். குஞ்சுகள் மிகுந்த ஆற்றில் இந்த ஒரு வேலை மற்ற எல்லா நுணுக்கங்களையும்விட அதிக மீன்களைக் காப்பாற்றும். இரையை விழுங்கிய மீன் செயற்கைப் பூச்சியைக் கவ்விய மீனைவிட அதிகமாகச் சாகும் என்பதால், இரை அனுமதிக்கப்பட்ட ஆறுகளிலும் தொடக்கநிலையில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

முடிச்சில்லாத ரப்பர் கண்ணி கொண்ட கைவலை, நீண்ட மூக்குக் குறடு, கோலின் பிடியிலோ வலையின் சட்டத்திலோ அங்குலக் குறியிட்ட ஒட்டுப்பட்டை, சிறிய வெப்பமானி ஆகியவையும் வேண்டும். வெப்பமானி ஆடம்பரமன்று. நீர் 20 டிகிரி செல்சியஸை எட்டினால் ட்ரௌட்டுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது. வெப்பம் மிகுந்த கோடைகளில் பிற்பகல் 2 மணிக்குப் பின் மீன்பிடிப்பை நிறுத்தும் அறிவிப்பை மாநிலமே வெளியிடுவதுண்டு. அறிவிப்புக்காகக் காத்திராமல் விடியற்காலையில் முடித்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: நீரில் நிற்கும் இடம்

டெஷூட்ஸ் ஊற்றுநீரால் வளர்வதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும். அந்த அளவு சிறியதன்று. கோடையிலும் நொடிக்கு 4,000 கன அடி அளவில் தண்ணீர் போகும். அடியில் எரிமலைப் பாறைகள் வழுக்கும். இடுப்பளவு நீருக்கு மேல் இறங்க வேண்டாம். நீர்க்காலுறையின் இடுப்புவார் இறுகியிருக்கட்டும், ஊன்றுகோலும் உயிர்காப்பு உடுப்பும் இருக்கட்டும். கரைப் புல்லில் வாலைக் கிலுகிலுக்கும் நச்சுப்பாம்பான ராட்டில்ஸ்நேக் உண்டு. தொட்டால் தோல் தடிக்கும் பாய்சன் ஓக் செடியும் உண்டு. மீனைக் கண்டு ஓடுவதற்கு முன் கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பது அந்தக் கரையின் முதல் பாடம்.

புதியவர்கள் பெரும்பாலும் ஆற்றின் நடுவை நோக்கி நடந்து, மீன் இருந்த இடத்திலேயே போய் நிற்பார்கள். இந்த ஆற்றின் ட்ரௌட்டுகள் கரையிலிருந்து சில அடிகளுக்குள், ஆல்டர் மரக்கிளைகள் கவிந்த நிழலிலும், பாறைக்குப் பின்னால் வேகநீரும் மெதுநீரும் உரசும் கோட்டிலும் நிற்கின்றன. ஆகவே முதல் சில வீச்சுகளைக் கரையில் நின்றபடியே, நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிப் போடுங்கள். பிறகு ஒவ்வோர் எட்டாக மேலே நகருங்கள். சுழல்தகடானால் மேல்நோக்கி எறிந்து, ஓட்டத்தைவிடச் சற்றே விரைவாகச் சுற்றினால் தகடு சுழலும், மீனுக்கு எதிரில் வந்து நீந்தும். ஈத்தூண்டிலானால் ஸ்டோன்ஃப்ளை என்னும் நீர்ப்பூச்சியின் கனமான இளம்பருவ வடிவம் ஒன்றையும், அதற்குக் கீழே கேடிஸ் என்னும் நீர்ப்பூச்சியின் சிறிய கூட்டுப்புழு வடிவம் ஒன்றையும் கட்டி, தக்கையின் துணையோடு அடிமட்டத்தில் உருளவிடுவதே ஆண்டு முழுவதும் பலன் தரும் முறை.

மே மாத நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை இந்த ஆற்றின் பெருநாள். சால்மன்ஃப்ளை என்னும் சுண்டுவிரல் நீளப் பூச்சிகள் நீரிலிருந்து ஊர்ந்து வந்து புல்லிலும் ஆல்டர் இலைகளிலும் தொங்கும். காற்றடித்து அவை நீரில் விழ, பெரிய ட்ரௌட்டுகள் மேலே வந்து விழுங்கும். மாபின் ஊர்ப் பக்கம் முதலில் தோன்றி, நாளாக ஆக அணைப் பக்கமாக இந்தப் பூச்சி எழுச்சி மேலேறும். அந்த நாள்களில் முகாம்களில் இடம் கிடைப்பதே அரிது. கூட்டம் பிடிக்காதவர்கள் ஜூலை மாலைகளில் கேடிஸ் பறக்கும் நேரத்துக்கு வந்தால் அமைதியாகவே மீன் பிடிக்கலாம்.

குஞ்சுகள் நிற்குமிடம் வேறு. கணுக்கால் முதல் முழங்கால் வரை ஆழமுள்ள, கூழாங்கல் பரவிய, சலசலத்து ஓடும் விளிம்புகளில் அவை கூட்டமாக இருக்கும். நான்கைந்து அங்குல மீன்களே அடுத்தடுத்துத் தூண்டிலில் தொங்கினால் நீங்கள் நாற்றங்காலில் நிற்கிறீர்கள் என்று பொருள். இடத்தை மாற்றி ஆழமான கோட்டைத் தேடுங்கள், அல்லது பூச்சியின் அளவைப் பெரிதாக்குங்கள். வசந்தத்திலும் கோடையின் முற்பகுதியிலும் கூழாங்கல் படுகையில் சுற்றுப்புறத்தைவிட வெளிறி, கழுவி வைத்தது போன்ற வட்டங்கள் தெரியும். அவை முட்டைக்குழிகள், மிதித்தால் உள்ளிருக்கும் முட்டைகள் நசுங்கும். சுற்றிக்கொண்டு போங்கள்.

ஐந்தாம் படி: வலையில் உள்ள மீனைப் பார்த்தல்

மீனை நீரிலேயே, வலைக்குள் வைத்துப் பாருங்கள். முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்கினால் கடைசியில் நிற்பது ரெயின்போ இனமாக இருக்கும்.

டெஷூட்ஸில் புதியவர் கையில் அடிக்கடி வருவது மலை வெள்ளைமீன். சால்மன் குடும்பமே என்பதால், முதுகில் வால் பக்கமாக உள்ள சதைப்பற்றான கொழுப்புத் துடுப்பு இதற்கும் உண்டு. அதைப் பார்த்து ட்ரௌட் என்று எண்ணிவிடுகிறார்கள். வாயைப் பாருங்கள்: சிறியது, கீழ்நோக்கியது, பல் இல்லாதது. செதில்கள் பெரியவை, உடலில் புள்ளிகள் இல்லை.

அடுத்தது புல் ட்ரௌட் (bull trout). ட்ரௌட், சால்மன் வகைகளுக்கு வெளிறிய உடலில் கரும்புள்ளிகள் இருக்கும். புல் ட்ரௌட்டுக்கு இது தலைகீழ், கருமையான உடலில் வெளிர்மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் புள்ளிகள். அதன் முதுகுத் துடுப்பில் கறுப்பே இராது. முதுகுத் துடுப்பில் கறுப்பில்லாத எதையும் உடனே விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள தூண்டில்காரர்கள் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும் விதி. இதுவும் 1998 முதல் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள மீன். பழுப்பு ட்ரௌட் இந்தப் பகுதியில் அரிதாகவே வரும். வெளிர்வளையம் சூழ்ந்த பெரிய கரும்புள்ளிகளும் இடையிடையே சிவப்புப் புள்ளிகளும் அதைக் காட்டிக்கொடுக்கும், வாலில் புள்ளிகள் இராது, இருந்தாலும் மிகச் சிலவே.

இளம் சினூக் சால்மனோடு குழப்பம் வருவது மூன்று நான்கு அங்குல அளவில். அப்போது குதத் துடுப்பைப் பார்க்க வேண்டும். வயிற்றின் அடியில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒற்றைத் துடுப்பு அது. ட்ரௌட், ஸ்டீல்ஹெட் குஞ்சுகளுக்கு அதன் அடிப்பகுதி குறுகியது, கதிர்கள் 8 முதல் 12 வரை. சால்மன் குஞ்சுகளுக்கு அடி நீண்டது, கதிர்கள் 13 அல்லது அதற்கு மேல். எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லையென்றால் முதுகுத் துடுப்பைப் பாருங்கள்: ட்ரௌட் குஞ்சின் முதுகுத் துடுப்பில் கரும்புள்ளிகள் உண்டு, சால்மன் குஞ்சுக்குப் பொதுவாக இல்லை. சினூக் குஞ்சின் கொழுப்புத் துடுப்பு விளிம்பில் கறுத்தும் நடுவில் கண்ணாடி போலவும் இருக்கும்.

காஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே, ஆல்சீ, நெஹேலம் போன்ற ஆரிகன் கடலோர ஆறுகளிலும் வாஷிங்டனின் ஸ்கேஜிட் போன்ற ஆறுகளிலும் தூண்டிலிடுபவருக்கு இன்னொரு மீன் சேர்ந்துகொள்கிறது: கடலோரக் கட்த்ரோட் ட்ரௌட். இதைக் கண்ணால் பிரித்தறியலாம் என்பது ஆறுதல். தாடையின் அடியில் இருபுறமும் ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு கீற்று ஓடும். அது மங்கலாக இருந்தால் மேல்தாடை எலும்பைப் பாருங்கள். கட்த்ரோட்டுக்கு அது கண்ணின் பின்விளிம்பைத் தாண்டிப் போகும், ஸ்டீல்ஹெட் குஞ்சுக்குத் தாண்டாது. நாக்கின் அடியில், செவுள்களுக்கு நடுவே சிறு பற்கள் கட்த்ரோட்டுக்கு மட்டும் உண்டு. ஆனால் விடப்போகும் மீனின் தொண்டையில் விரலை விட்டுத் தேட வேண்டாம். முதுகின் நடுக்கோட்டில், முதுகுத் துடுப்புக்கு முன்னால் வரிசையாகக் கறைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் ரெயின்போ அல்லது ஸ்டீல்ஹெட். குறைவாக இருந்தால் கட்த்ரோட். மூன்று அங்குலத்துக்கும் சிறிய மீன்களில் இந்த அடையாளங்கள் எவையும் நம்பத்தக்கவை அல்ல. இரண்டும் கலந்து பிறந்த மீன்களும் அந்த ஆறுகளில் உண்டு. அவை இரண்டின் அடையாளங்களையும் ஒருசேரக் காட்டும்.

இவற்றையெல்லாம் விலக்கிய பின் டெஷூட்ஸில் வலைக்குள் கிடப்பது ஒன்கோரிங்கஸ் மைக்கிஸ். பக்கவாட்டில் நீள்வட்டக் கறைகள் 8 முதல் 13 வரை, முதுகிலும் முதுகுத் துடுப்பிலும் சிறு கரும்புள்ளிகள், முதுகு, இடுப்பு, குதத் துடுப்புகளின் நுனியில் வெண்மை. இந்தப் பருவத்துக் குஞ்சை ‘பார்’ (parr) என்று அழைப்பார்கள். இனி இது ஆற்று மீனா கடல் மீனா என்ற கேள்விக்குத் துடுப்பும் தாடையும் விடை சொல்லமாட்டா. இளஞ்சிவப்புக் கோடு இருக்கிறதே, ஆகவே ட்ரௌட் என்பார்கள். ஸ்டீல்ஹெட் குஞ்சுக்கும் அந்தக் கோடு உண்டு. கறைகள் இருக்கின்றன, ஆகவே ஸ்டீல்ஹெட் குஞ்சு என்பார்கள். ரெட்பேண்ட் வளர்ந்து முதிர்ந்த பின்னும் அக்கறைகளை வைத்திருப்பது அதன் இயல்பு.

தோலில் மிளகுத் தூளைத் தூவியது போலக் கரும்பொட்டுகள் தடித்துத் தெரிந்தால் அவை நிறப்புள்ளிகள் அல்ல. நத்தை, மீன், பறவை என மாறி மாறி வாழும் ஒரு தட்டைப்புழுவின் இளம்பருவம் தோலுக்குள் உறைந்திருப்பதன் அறிகுறி அது. கீழ் டெஷூட்ஸில் இந்தக் கரும்புள்ளி நோய் அண்மை ஆண்டுகளில் பரவலாகக் காணப்படுகிறது. இனம் காணும்போது அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆறாம் படி: பருவமும் வெட்டிய துடுப்பும்

கண்ணுக்கு ஒரு வாய்ப்புக் கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது கடலுக்குப் புறப்படும் குஞ்சு ஸ்மோல்ட் என்னும் நிலைக்கு மாறுகிறது. தோலில் படியும் குவானின் என்ற பொருள் கறைகளையும் இளஞ்சிவப்பையும் மூடி, உடல் முழுவதும் வெள்ளியாகப் பளபளக்கும். வாலின் விளிம்பு கறுக்கும். உடல் மெலிந்து நீளும். செதில்கள் தளர்ந்து, தொட்டாலே விரலில் ஒட்டும். வசந்தத்தில் 6 முதல் 8 அங்குல அளவில் இப்படி ஒரு மீன் வந்தால் அது ஸ்டீல்ஹெட் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். ஆனால் அதே மாதத்தில் வெள்ளியாகாமல் வரும் குஞ்சு ட்ரௌட் என்று சொல்லிவிட முடியாது. அது அடுத்த ஆண்டுக்குரிய ஸ்டீல்ஹெட்டாக இருக்கலாம்.

மறுபக்கத்திலும் சில நல்ல குறிப்புகள் உண்டு. ஜூலைக்குப் பின் 10 அங்குலத்தைத் தாண்டி, உடல் திரண்டு, பச்சையும் செம்மையும் ஆழ்ந்த நிறத்தில் வரும் மீன் பெரும்பாலும் ஆற்றுவாசி. ஸ்டீல்ஹெட் ஆகவிருந்தால் அந்த அளவை எட்டுவதற்கு முன்பே போயிருக்கும். வசந்தத்தில் சிறு மீனின் வயிற்றிலிருந்து தானாகவே வெண்ணிற விந்து கசிந்தால் அது ஆற்றிலேயே முதிர்ந்துவிட்ட ஆண்.

டெஷூட்ஸுக்கே உரிய ஓர் அடையாளம் கொழுப்புத் துடுப்பு. கீழ் டெஷூட்ஸில் பண்ணையில் வளர்த்த ட்ரௌட்டை விடும் வழக்கம் 1970களின் இறுதியோடு நின்றுவிட்டது. அங்குள்ள ட்ரௌட்டுகள் அனைத்தும் இயற்கையாகப் பிறந்தவை. ஆனால் ரவுண்ட் பியூட் பண்ணையிலிருந்து ஸ்டீல்ஹெட் இளமீன்களைக் கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிட்டு வசந்தத்தில் விடுகிறார்கள். ஆகவே கொழுப்புத் துடுப்பு இருந்த இடம் ஆறிய வடுவாகத் தெரியும் ஏழெட்டு அங்குல மீன் வந்தால், அது கடலுக்குப் போக விடப்பட்ட பண்ணை ஸ்டீல்ஹெட். வெள்ளி மங்கிக் கோடையிலும் அப்படியொன்று வந்தால், போகாமல் ஆற்றிலேயே தங்கிவிட்ட பண்ணை மீன். பிற ஆறுகளுக்கு இந்தக் குறிப்பை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். பண்ணை ட்ரௌட்டையும் துடுப்பு வெட்டி விடும் நீர்நிலைகள் உண்டு.

ஏழாம் படி: விடுதல்

இத்தனைக்கும் பிறகு நடைமுறை முடிவு எளியது. ஸ்டீல்ஹெட் ஏறும் ஆற்றில், 10 அங்குலத்துக்கும் குறைந்த ரெயின்போ இன மீன் எதுவானாலும் அதை ஸ்டீல்ஹெட் குஞ்சாகவே நடத்துங்கள். சட்டம் 8 அங்குலத்துக்கு மேல் எடுக்க அனுமதிக்கும் ஆறுகளிலும் நான் இதையே சொல்வேன். எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட மீனில் சாப்பிட என்ன இருக்கிறது?

கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கையும் முடிச்சுள்ள நைலான் வலையும் வழுவழுப்பையும் செதிலையும் உரித்தெடுக்கும். ஸ்மோல்ட்டுக்கு இது இரட்டிப்பு ஆபத்து: சில வாரங்களில் உப்புநீருக்குள் போகவேண்டிய மீன், செதிலிழந்த இடத்தின் வழியே உடலின் உப்புச் சமநிலையைக் காக்க முடியாமல் திணறும். குறடால் முள்ளின் தண்டைப் பிடித்து, வந்த வழியே பின்னோக்கித் திருப்பினால் எதிர்முள் இல்லாத தூண்டில் ஒரு நொடியில் கழன்றுவிடும். பல சமயம் மீனைத் தொடவே வேண்டியதில்லை. ஆழமாக விழுங்கியிருந்தால் முள்ளைத் தோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். செவுளுக்குள் விரல் போகக் கூடாது. வயிற்றை அழுத்தக் கூடாது. படம் எடுக்க வேண்டுமென்றால் நீர்மட்டத்திலேயே, வலைக்குள்ளேயே எடுங்கள். பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, துடுப்புகள் விரிந்த நிலையில் ஒன்று என இரண்டு போதும். இனம் காணும் வேலையைக் கரைக்கு வந்து நிதானமாகச் செய்யலாம்.

ஜூலை முதல் இலையுதிர் காலம் வரை எதிர்ப்பக்கத்துச் சிக்கல் ஒன்றும் வரும்: ட்ரௌட்டுக்குப் போட்ட இலகுவான தூண்டிலில், கடலிலிருந்து திரும்பும் முழு வளர்ச்சியடைந்த ஸ்டீல்ஹெட் மாட்டிக்கொள்வது. கோடு இழுத்தது போல நரம்பு ஆற்றின் நடுவுக்கு ஓடினால் ரீலின் பிடியைத் தளர்த்தி, கரையோடு கீழ்நோக்கி நடந்து, முடிந்தவரை விரைவாக மீனைக் கரைக்குக் கொண்டுவாருங்கள்; மெல்லிய நரம்பில் நெடுநேரம் ஆட்டம் காட்டினால் மீன் ஓய்ந்து சாகும். 16 முதல் 20 அங்குலத்துக்கு இடைப்பட்ட மீன் வந்தால் பெரிய ட்ரௌட்டா சிறிய ஸ்டீல்ஹெட்டா என்ற கேள்வி மறுபடியும் எழும். சட்டம் இங்கேயும் அங்குலக்கோலைத்தான் நாடுகிறது: வாஷிங்டனில் 20 அங்குலம் எல்லை, கலிஃபோர்னியாவில் கடலேறும் மீன்கள் வரும் நீர்நிலைகளில் 16 அங்குலத்துக்கு மேற்பட்ட எந்த ரெயின்போவும் ஸ்டீல்ஹெட். டெஷூட்ஸில் நெடுங்காலம் இருந்துவந்த விதி 13 அங்குலத்துக்கு மேற்பட்ட ட்ரௌட்டை எடுக்க இடம் தராததால், கொழுப்புத் துடுப்பு முழுமையாக இருக்கும் பெரிய மீன் எதுவாயினும் நீருக்கே திரும்பும். தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வால் தண்டை மெல்லப் பிடித்துக்கொண்டு, அது தானாகவே உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள்.